ஓடப் பழகுவோம்

கடல் கடந்து குடியேறிய மக்கள் உழைப்புக்கு அஞ்சாதவர்கள் என்பது யாவரும் அறிந்ததே. நம் முன்னோர் மூன்று நாள் கப்பலில் வந்து இத்தீவுகளில் இறங்கினர். துறைமுகத்திலும் காட்டிலும் சாலைப் பணியிலும் தங்கள் உடலையே முதலாக வைத்துப் பிழைத்தனர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் சிலர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் பாடுபட்டனர். அவர்களுக்கு உடற்பயிற்சி என்று தனியே ஒன்று வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையே பயிற்சியாக இருந்தது. அவர்களுடைய மக்களும் பேரர்களுமாகிய நம்மில் பெரும்பாலோர் இன்று நாற்காலியில் அமர்ந்து பணி செய்கிறோம். அரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடைக்கும் ஸ்கூட்டரை எடுக்கிறோம். சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. மண்வெட்டி பிடித்தவர் உண்ட அளவையே பேனா பிடித்தவரும் உண்கிறோம்.

இதன் விளைவு என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடெங்கும் நடந்த ஆய்வொன்று 2023 இல் வெளியாயிற்று. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்றும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாயிலில் நிற்கின்றனர் என்றும் அது கூறியது. தீவில் வாழும் நமக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. பெரிய சிகிச்சை என்றால் நம்மவர் பலர் இன்றும் சென்னையை நோக்கியே புறப்படுகின்றனர். இடையே கிடப்பது ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் கடல். நோயாளியோடு துணைக்கு ஒருவர், அங்கே தங்கும் செலவு, இங்கே பிள்ளைகளின் படிப்பு என்று குடும்பமே இரண்டாகப் பிரிந்து தவிப்பதை நாம் எத்தனை வீடுகளில் கண்டிருக்கிறோம்! சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்.

எங்கள் வீட்டிலும் இக்கவலை நுழைந்தது. எங்கள் இருவருள் ஒருவருக்குச் சர்க்கரை தொடங்கிவிட்டது என்று மருத்துவர் கூறினார். மருந்தோடு உடலுழைப்பும் வேண்டும் என்றார். இதயத்தைச் சோதித்துப் பார்த்து, மெதுவாக ஓடலாம் என்று இசைவும் தந்தார். நாற்பதைக் கடந்த கணவனும் மனைவியுமாகிய நாங்கள், பள்ளிக்கூடத்தை விட்டபின் பேருந்தைப் பிடிக்க அன்றி வேறெதற்கும் ஓடியதில்லை. ஒருவருக்கு ஒருவர் துணை என்று இருவருமே புறப்பட்டோம்.

புதிதாக ஓடுவோர்க்கென ஒரு முறை உண்டு. ஜோஷ் கிளார்க் என்னும் அமெரிக்க இளைஞர் தம் அன்னையை ஓடப் பழக்குவதற்காக 1996 இல் அதனை வகுத்தார். வாரத்தில் மூன்று நாள் மட்டும் பயிற்சி, இடைநாள்கள் ஓய்வு. முதலில் 5 நிமிடம் விரைந்து நடக்க வேண்டும். பின்னர் 60 விநாடி மெல்ல ஓட்டம், 90 விநாடி நடை. இவ்வாறு மாறி மாறி 20 நிமிடம். முதல் வாரத்துக்கு அவ்வளவே. வாரந்தோறும் ஓட்டம் சிறிது சிறிதாக நீளும். ஒன்பதாம் வாரத்தில் 30 நிமிடமோ 5 கிலோமீட்டரோ நில்லாமல் ஓடலாம் என்பது கணக்கு.

60 விநாடிதானே என்று எண்ணுகிறீர்களா? எங்களுக்கு அந்த ஒரு நிமிடம் ஒரு யுகமாகத் தோன்றியது. ஆயினும் அதன்பின் வந்த நடை மூச்சை மீட்டுத் தந்தது. கடினமாக இருந்த வாரத்தை மறுமுறையும் செய்தோம். ஒன்பது வாரப் பாடம் எங்களுக்குப் பதினாறு வாரம் பிடித்தது. அதனால் குறையொன்றும் இல்லை. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழகுவதற்கு அதைவிட நெடுநாள் ஆகும். நெஞ்சு போதும் என்று சொல்லும் முன்பே முழங்கால் முறையிடுவது இதனால்தான். வேகத்துக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. உடன் ஓடுபவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அது தக்க வேகம். சொல் துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். எங்கள் வீட்டின் மளிகைக் கணக்கெல்லாம் இப்போது ஓட்டத்தில்தான் தீர்க்கப்படுகிறது.

இத்தீவின் இயல்பை அறிந்து ஓடுதல் முதன்மையானது. நம் கடிகாரம் தலைநிலத்துக்காக அமைந்தது. நம் கதிரவனோ அதற்குச் சுமார் 40 நிமிடம் முந்துகிறான். ஜூன் மாதத்தில் காலை 5 மணி அளவிலேயே விடிந்துவிடுகிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கே இருள் சூழ்கிறது. ஆகவே அலுவலகம் செல்வோர்க்கு மாலையைவிட விடியற்காலையே ஏற்றது. இங்குள்ள காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உலர்ந்தால் அன்றோ உடல் குளிரும்? ஈரக்காற்றில் அது வழிந்தோடுமேயன்றி உலர்வதில்லை. எனவே தலைநிலத்து நண்பரின் வேகத்தோடு நம் வேகத்தை ஒப்பிடுதல் முறையன்று. தலைசுற்றலோ குமட்டலோ தோன்றினால் நிழலில் அமர்ந்து நீர் அருந்த வேண்டும். நெஞ்சில் வலி தோன்றினால் உடனே நின்று மருத்துவரை நாட வேண்டும். சர்க்கரைக்கு மருந்து உண்போர் சட்டைப்பையில் சில மிட்டாய்களை வைத்திருத்தல் நலம்.

இனி இடத்தைப் பற்றி. 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் சமதரை அரிது. தெருக்கள் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கின்றன. ஏற்றத்தில் நடந்து சமதரையில் ஓடினோம். மெரினா பூங்காவை ஒட்டிய கடற்கரைச் சாலை தொடக்கநிலையினர்க்கு மிக ஏற்றது. அருகே நேதாஜி விளையாட்டரங்கம் உள்ளது. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி கொடியேற்றிய திடல் அதுவே. எதிரே, முன்னர் ராஸ் தீவு எனப்பட்ட நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவுக்குப் பின்னே கதிரவன் எழும் காட்சி எவரையும் படுக்கையிலிருந்து எழுப்பும். கால் பழகியவர்கள் அங்கிருந்து கடலோரமாகவே கார்பின்ஸ் கோவ் வரை செல்லலாம்.

மழைக்காலத்தில் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வெறுங்காலுடன் ஓடுதல் ஆகாது. எலிக்காய்ச்சல் இத்தீவுகளில் நெடுங்காலமாக உள்ள நோய். காலிலுள்ள சிறு புண் வழியாகவும் அது உட்புகும். கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளின் ஓரத்திலும் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இருளில் ஓடுதல் வீரம் அன்று. காலணி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டுவதில்லை. விரல் நுனிக்குச் சிறிது இடம் விட்டு, குதிகாலைப் பற்றி நிற்பதாயின் போதும்.

இவை அனைத்தையும்விடப் பெரிய தடை நாணம். அபர்தீன் கடைவீதியில் நம்மை அறியாதவர் யார்? முதல் வாரம் ஒரு கடைக்கார அன்பர், “அண்ணாச்சி, யார் துரத்துகிறார்கள்?” என்று உரக்கக் கேட்டார். “சர்க்கரை துரத்துகிறது” என்று பதில் கூறிவிட்டு ஓடினோம். அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அவரும் எங்களோடு நடக்க வந்தார். பெண்களுக்கு இத்தடை இன்னும் பெரிது. “என்ன நினைப்பார்கள்?” என்ற கேள்வியே அவர்களை வாயிற்படியில் நிறுத்திவிடுகிறது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து புறப்பட்டால் அக்கேள்வி தானே மறைந்துவிடும். காலைச் சிற்றுண்டியின் சுமையை ஆடவர் பகிர்ந்துகொண்டாலன்றி அவர்களால் வெளியே வரவும் இயலாது. எங்கள் வீட்டில் இட்லித் தட்டுக்கு இப்போது முறை வைத்துள்ளோம்.

வயது கடந்துவிட்டதே என்பார்க்குப் பௌஜா சிங் விடை கூறுவார். பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய அம்முதியவர் தம் 89 ஆம் வயதில், 2000 ஆம் ஆண்டு லண்டனில் தம் முதல் மாரத்தான் ஓட்டமாகிய 42.195 கிலோமீட்டரை ஓடி முடித்தார். அவரும் நம்மைப் போல் கடல் கடந்து குடியேறியவரே. 2021 இல் தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், விபத்தில் முழங்கால் காயமுற்ற பின்னர் ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான் ஓட்டங்களை முடித்தவர். நம் தீவிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மரத்தைப் பற்றி உயிர் தப்பிய சிறுமி டெபோரா, பின்னாளில் நாட்டுக்காகச் சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொண்டார்.

நாங்கள் பதக்கம் எதையும் நாடவில்லை. இவ்வாண்டு எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையில் கணக்கு இறங்கியிருந்தது. மருத்துவர் மருந்தை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்தார். அதுவே எங்களுக்குப் பெரும் பரிசு. பிள்ளைகள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் உடன் வருகின்றனர். எங்களை முந்திச் சென்று திரும்பி நின்று கேலி செய்கின்றனர். அக்கேலியைக் கேட்க நெடுநாள் வாழ வேண்டும் என்னும் ஆசை பிறக்கிறது.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பர். சங்கக் குடும்பங்களில் ஓட விரும்புவோர், மருத்துவரை ஒருமுறை கண்டு இசைவு பெற்றபின், வரும் திங்கட்கிழமை காலை 5 நிமிடம் நடந்து, ஒரே ஒரு நிமிடம் ஓடிப் பார்ப்பாராக.