எட்டு அங்குலம்

என் வலது புருவத்துக்கு மேல் பிறைபோல ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. கார் டிக்கி இடித்துவிட்டது என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அது துப்பாக்கியின் ஸ்கோப் வைத்த முத்திரை. அன்று நான் சுட்டது ஒரே ஒரு தோட்டா.

பென்சில்வேனியாவில் மான் வேட்டை என்பது ஏறக்குறைய ஊர்த் திருவிழா. 2018 வரை நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை துப்பாக்கிப் பருவம் தொடங்கும். பல பள்ளிகளுக்கு அன்று விடுமுறை. 2019இல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரோடு இரண்டு வருடம் சும்மா கூடப் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் வருடம் உரிமம் எடுத்து, .308 போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி ஒன்றும் வாங்கினேன்.

அதோடு ஒரு ஸ்கோப். கேமரா வாங்குகிறவன் மெகாபிக்சல் பார்ப்பதுபோல நான் உருப்பெருக்கம் பார்த்தேன். 6-24x50. அதாவது ஆறு மடங்கிலிருந்து இருபத்துநான்கு மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 50 மில்லிமீட்டர். பெரியவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நீ என்ன, நிலாவையா சுடப் போறே?" என்றார். நான் சிரித்து வைத்தேன்.

முன்கண்ணாடி பெரிதாக இருந்ததால் குழலில் இடிக்காமல் இருக்க உயரமான ரிங் போட வேண்டியிருந்தது. ரிங் உயர்ந்ததால் கன்னம் கட்டையில் படியவில்லை. கோழி மாதிரி கழுத்தை நீட்டித்தான் பார்க்க முடிந்தது. திருகுகளைக் கைக்குத் தோன்றிய அளவு முறுக்கினேன். ரேஞ்சில் நான்கு தோட்டா சுட்டேன், அட்டையில் நடுவை ஒட்டி விழுந்தன. போதும் என்று தோன்றியது.

முதல் நாள் காலை எண்பது கெஜத்தில் ஒரு மான் வந்து நின்றது. ஸ்கோப் 24இல் இருந்ததை மறந்துவிட்டேன். உள்ளே பழுப்பு நிறம் மட்டும் தெரிந்தது, எது தோள் எது வயிறு என்று புரியவில்லை. பதற்றத்தில் வளையத்தைத் திருப்பி, முகத்தை முன்னே தள்ளி, விசையை அழுத்தினேன். பின்னுதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு வந்து புருவத்தைக் கிழித்தது. மான் முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது.

பெரியவர் வந்து தரையில் கிடந்த ரத்தத்தைத் தொட்டு மோந்து பார்த்தார். "வயிறு" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. அப்படிப்பட்ட மானை உடனே துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும். பல மணி நேரம் காத்திருந்தோம். பிறகு ரத்தத் துளி தெரிந்த செடிகளில் டிஷ்யூ பேப்பர் துண்டைச் செருகிக்கொண்டே நடந்தோம். இருட்டும்போது ஓடைக்கரையில் தடம் நின்றுபோனது. மறுநாளும் தேடினோம், கிடைக்கவில்லை.

வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் எட்டு அங்குல வட்டம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. குண்டு அதற்குள் போனால் சீக்கிரம் முடிந்துவிடும். வெளியே போனால் அது அனுபவிப்பதை நாம் பார்க்கக்கூட மாட்டோம். அடுத்த வாரம் அதே துப்பாக்கியை நூறு கெஜத்தில் சுட்டேன். மூன்று குண்டும் மூன்று ஊரில் விழுந்தன, ஒன்று ஒன்பது அங்குலம் விலகி. ஸ்கோப்பைக் கையால் திருகிப் பார்த்தேன். மயிரிழை அசைந்தது.

"கண்ணாடிக்குக் காசு கொடுத்தே. திருகுக்கு என்ன கொடுத்தே?" என்று கேட்டார் பெரியவர். பதில் இல்லை.

புதிதாக 3-9x40 வாங்கினேன். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். நான்கு மடங்கில் வைத்தால் இதில் 10 மில்லிமீட்டர். பழையதை 24இல் வைத்தால் இரண்டுதான். மான்கள் நடமாடும் அரையிருட்டில் என் வயதுக்காரனின் கண்மணி விரிவது ஐந்து மில்லிமீட்டரை ஒட்டித்தான். அந்த நேரத்தில் இரண்டு மில்லிமீட்டர் ஒளி போதாது.

மாட்டுவதற்கு ஒரு ஞாயிறு முழுக்க ஆனது. துப்பாக்கி காலியா என்று இரண்டு தடவை பார்த்து, போல்ட்டைக் கழற்றி வைத்தோம். பேஸ் திருகுகளை எண்ணெய் போக ஆல்கஹாலில் துடைத்தோம். உயரம் குறைந்த ரிங். கன்னம் கட்டையில் தானாகப் படிந்தது. வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். ஓரத்தில் கருநிழல் இல்லாமல் முழுவட்டம் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தினோம். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி. புருவத்துக்கு இனி பயமில்லை.

குறுக்குக் கம்பி சாயாமல் இருக்க, துப்பாக்கியை மட்டமாகத் தாங்கியில் வைத்துவிட்டு, எதிரே மரக்கிளையில் ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டார். ஊரில் கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டுதான். செங்குத்துக் கம்பியை நூலோடு ஒட்டினோம். பிறகு ரிங் திருகுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கும்படி, டார்க் ரெஞ்சில் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்கினோம். கூடுதலாக முறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ரேஞ்சில் முதலில் 25 கெஜம், பிறகு 100. நூறு கெஜத்தில் ஒரு கிளிக் கால் அங்குலம். மூன்று அங்குலம் கீழே விழுந்ததால் பன்னிரண்டு கிளிக் மேலே. குழல் ஆற விட்டுவிட்டு மூன்று மூன்றாகச் சுட்டேன். கடைசி மூன்றையும் ஒரு எலுமிச்சம்பழம் மறைத்துவிடும். இருநூறு கெஜத்தில் குண்டு நான்கு அங்குலத்தை ஒட்டித் தாழும் என்பதையும் பார்த்துக்கொண்டேன். என் எல்லை நூற்றைம்பது என்று எனக்கு நானே முடிவு செய்தேன். ஸ்கோப்பில் மான் எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் குண்டு கடக்க வேண்டிய தூரம் மாறுவதில்லை.

அந்த வருடம் அறுபது கெஜத்தில் ஒரு மான். முப்பது அடிகூடப் போகவில்லை. ஓடிப் பார்த்தபோது சந்தோஷத்தைவிட, கிடைத்துவிட்டதே என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. ஓடைக்கரையில் தொலைந்துபோன மானுக்கு இது ஈடாகாது என்பதும் தெரிந்தது.

இப்போது ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் ரிங் வரை மகளின் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். திருகு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அக்டோபரில் பெட்டியைத் திறந்ததும் முதலில் அந்தக் கோடுகளைத்தான் பார்க்கிறேன். தழும்பைப் பற்றி யாராவது கேட்டால் இப்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.