மூட்டையில் மணல்

ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போய் ராஜகிரிக் கோட்டை ஏறுகிறேன். சுமார் 800 அடி, முதுகில் பத்து கிலோ மணல். எவரெஸ்ட் அடிவார முகாம்வரை நடந்துவிட வேண்டுமென்பது இருபது வருஷ ஆசை. 2023-ல் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி உச்சியையே தொட்டுவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அடிவாரமாவது வேண்டாமா?

அடிவாரம்தானே என்று நினைக்காதீர்கள். 5,364 மீட்டர். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. காலைப் பழக்கிவிடலாம், நுரையீரலைப் பழக்க நம்மூரில் அவ்வளவு உயர மலை ஏது? "தலைவலி வந்தா வீம்பு பண்ணாம கீழ இறங்கிடுங்க" என்றார் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து மனைவி சரியாகப் பேசுவதில்லை.

திரும்பும் வழியில் மண்டகப்பட்டு குகைக்கோயிலில் உட்கார்ந்தேன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் மும்மூர்த்திகளுக்காக மகேந்திரவர்மன் குடைந்தது. இன்று மூன்று கருவறையும் காலி.

ஆடு மேய்த்த ஆயா விசாரித்தார்.

"அந்த மலையில என்னா சாமி?"

"சாமி கும்பிடப் போகல ஆயா. சும்மாதான்."

"சும்மாவா?" குகையை ஒரு பார்வை பார்த்தார். "இங்கயும் சாமி இல்ல. வர்றவன் வந்துகினுதான் இருக்கான். மூட்டையில என்னா?"

"மணல்."

"தண்ணியா எடுத்தாந்திருந்தா ஆடாச்சும் குடிச்சிருக்கும்."