இரண்டாவது முட்டை

எஸ்பான்யோலா தீவில் கால் வைத்ததும் முதலில் ஓடிவந்தது ஒரு மாக்கிங்பேர்ட். நம்மூர் தவிட்டுக்குருவி மாதிரி பழுப்பு நிறம், அதே துறுதுறுப்பு. ஆனால் மூக்கு நீளமாகக் கீழ்நோக்கி வளைந்திருந்தது. மகளின் ஷூ மேலேயே ஏறி நின்று லேஸைக் கொத்திப் பார்த்தது. பிறகு அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் மூடிமேல் தாவி உட்கார்ந்தது.

"அப்பா, இதுக்குத் தாகம்ப்பா."

தாகம்தான். அந்தத் தீவில் வருஷம் முழுக்க நிற்கிற நன்னீர் கிடையாது. மனிதர்கள் பாட்டிலோடு வருவார்கள் என்பதை அந்தப் பறவைகள் கற்றுக்கொண்டுவிட்டன. வழிகாட்டி வந்து பாட்டிலைப் பைக்குள் வைக்கச் சொன்னார். "ஒரு சொட்டுகூடக் கூடாது. இன்னைக்கு நீ கொடுப்பே. நாளைக்கு யார் கொடுப்பா?" கோபமாகச் சொல்லவில்லை. ஆயிரம் முறை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். மகள் பாட்டிலை உள்ளே வைத்தாள். பறவை கொஞ்ச நேரம் பையைச் சுற்றிவந்துவிட்டு அடுத்த ஆளிடம் போனது.

காலபகோஸ் தீவுகள் ஈக்வடாரிலிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர் மேற்கே பசிபிக்கில் கிடக்கின்றன. எல்லாமே எரிமலைகள் கக்கியவை. பூமிக்கடியில் வெப்பப் புள்ளி ஓரிடத்தில் நிற்க, மேலே உள்ள தட்டு மெல்லக் கிழக்கே நகர்கிறது. அதனால் மேற்குத் தீவுகள் இளசு, இன்னும் நெருப்பு கக்குபவை. தென்கிழக்கு ஓரத்திலிருக்கும் எஸ்பான்யோலா கிழவி. எரிமலை வாயெல்லாம் தேய்ந்து, தட்டையாகி, மெல்லக் கடலுக்குள் அமிழ்ந்துகொண்டிருக்கிறது.

நாங்கள் போனது டிசம்பர் கடைசி வாரம், பதினாறு பேர் போகிற ஒரு படகில். யாட் என்றால் வெள்ளைக் கோட்டு போட்டவர் ஜூஸ் நீட்டுகிற காட்சிதான் எனக்குள் இருந்தது. கேபின் என்னவோ ரயிலில் மூன்றாம் வகுப்பு ஏசி பெட்டியின் ஒரு தடுப்பு அளவுதான். நான், மனைவி, பதினொரு வயது மகள். எஸ்பான்யோலாவுக்கான கடற்பயணம் ஓர் இரவு முழுக்க. மனைவிக்கு அலை ஒத்துக்கொள்ளவே இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். விமான நிலையச் சோதனையில் எங்கள் பையிலிருந்த வெந்தயப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். முளைக்கக்கூடிய எதுவும் தீவுக்குள் போகக் கூடாது. அந்த வெந்தயம் இருந்திருந்தால் வயிறு சரியாகியிருக்கும் என்று கடைசி நாள்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அங்கே விதிகள் நிறைய. விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டைகள் நட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. வழிகாட்டி இல்லாமல் இறங்கவே முடியாது. நிலப்பரப்பில் 97 சதவீதம் தேசியப் பூங்கா, 1959-லிருந்து அப்படி. வேடிக்கை என்னவென்றால், விதி நமக்குத்தான், விலங்குகளுக்குக் கிடையாது. கடல் சிங்கக் குட்டி நேராக வந்து காலை மோந்துபார்க்கும். பாதையின் குறுக்கே கடல் இக்வானாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டு, மூக்கு வழியாக உப்புத் தண்ணீரைத் தும்மும். எஸ்பான்யோலா இக்வானாக்களுக்கு அந்தப் பருவத்தில் சிவப்பும் பச்சையுமாக நிறம் ஏறியிருக்கும். கிறிஸ்துமஸ் இக்வானா என்று படகில் எல்லோரும் போட்டோ எடுத்துத் தீர்த்தார்கள். ஆல்பட்ராஸ்கள் அனேகமாகக் கிளம்பிப் போயிருந்தன.

பாறை விளிம்பை ஒட்டிய மேட்டில் நாஸ்கா பூபிகள். தூய வெள்ளை உடல், கறுப்பு இறகோரம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி. கூடு என்று எதுவும் இல்லை. வெறும் தரை, ஒன்றிரண்டு கூழாங்கல். தன்னைச் சுற்றி எச்சமிட்டு எச்சமிட்டு ஒரு வெள்ளை வளையம் உண்டாகியிருக்கும். அதுதான் வீடு.

பாதையிலிருந்து மூன்று மீட்டர் இருக்கும். ஒரு பூபியின் வயிற்றுக்கடியில் ஒரு குஞ்சு தெரிந்தது. அதன் முன்னால் இன்னொன்று, அதில் பாதி அளவு. இன்னும் வெள்ளைத் தூவி சரியாக மூடவில்லை, தோல் தெரிகிறது. பெரியது தன் மூக்கால் சின்னதின் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. வேகமெல்லாம் இல்லை. பெரியதுக்கே தலை நிற்கவில்லை. தள்ளும், விழும், மூச்சு வாங்கும், மறுபடி தள்ளும். தாயோ தகப்பனோ, மேலே உட்கார்ந்திருந்த பறவை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்னது வளையத்துக்கு வெளியே போய்விட்டது.

வெளியே என்றால் ஒரு சாண் தூரம். திரும்பி வர முயற்சி செய்தது. இறக்கை முளைக்காத தோள்களை ஊன்றி ஊன்றி, வெள்ளைக் கோடுவரை வந்தது. பெரியது மறுபடி தள்ளியது. தாய்ப்பறவை ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, மறுபடி கடலைப் பார்த்தது.

எங்கள் குழுவில் ஓர் ஓய்வுபெற்ற பெண்மணி, கண்ணில் நீரோடு, "அதை எடுத்து உள்ளே வெச்சா என்ன?" என்று கேட்டார். வழிகாட்டி விளக்கினார். நாஸ்கா பூபி பெரும்பாலும் இரண்டு முட்டை இடும், சில நாள் இடைவெளியில். இரண்டும் பொரிந்தால் மூத்தது இளையதைத் தள்ளிவிடும். எப்போதாவது அல்ல, கிட்டத்தட்ட எப்போதுமே. உள்ளே எடுத்துவைத்தால் மறுபடி தள்ளும். இரண்டுக்கு ஊட்ட அந்தப் பெற்றோரால் முடியாது. வளையத்துக்கு வெளியே கிடப்பதைத் தன் குஞ்சாகவே அவை எடுத்துக்கொள்வதில்லை.

"அப்புறம் எதுக்கு ரெண்டாவது முட்டை?" யாரோ கேட்டார்கள்.

"இன்சூரன்ஸ்" என்றார். "முதல் முட்டை பொரியாமப் போனா."

அப்போது அந்த மாக்கிங்பேர்ட் வந்தது. காலையில் ஷூமேல் நின்ற அதுவேதானா, வேறா, தெரியாது. கிடந்த குஞ்சைச் சுற்றி இரண்டு சுற்று. பிறகு கொத்தியது. எஸ்பான்யோலாவின் மாக்கிங்பேர்ட்கள் காயத்தில் வழியும் ரத்தத்தைக் குடிக்கும் என்று அதற்கப்புறம்தான் வழிகாட்டி சொன்னார். நன்னீர் இல்லாத தீவு. "போகலாம், போகலாம்" என்று எல்லோரையும் நகர்த்தினார். மகள் நகரவில்லை. நான் தோளைப் பிடித்து அழைத்துவந்தேன். அழவில்லை அவள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலை படகில் வழக்கமான வகுப்பு. எஸ்பான்யோலாவின் ஆமைகளைப் பற்றி. கப்பல்காரர்கள் ராட்சத ஆமைகளை உயிரோடு அடியறையில் அடுக்கிக்கொண்டு போனார்கள்; மாதக்கணக்கில் தீனி தண்ணீர் இல்லாமல் கிடக்கும் என்பதால் நடமாடும் இறைச்சிக் கிடங்கு. மனிதர்கள் கொண்டுவந்துவிட்ட ஆடுகள் மிச்சமிருந்த பச்சையைத் தின்றன. கடைசியில் எஸ்பான்யோலாவில் மிஞ்சியது 14 ஆமைகள்: 12 பெண், 2 ஆண். ஒன்றையொன்று கண்டுபிடித்து இணையக்கூட முடியாத அளவுக்குச் சிதறிக் கிடந்தன. 1963 முதல் 1974 வரை தேடித்தேடி அத்தனையையும் சான்டா குரூஸ் தீவுக்கு எடுத்துப்போய் வளர்த்தார்கள். சான் டியேகோ மிருகக்காட்சிசாலையிலிருந்து டியேகோ என்ற மூன்றாவது ஆண் வந்து சேர்ந்தது. தீவிலிருந்த ஆடுகளை 1978-க்குள் ஒன்று விடாமல் கொன்றார்கள். 2020-ல் திட்டம் முடிந்தபோது தீவில் ஏறக்குறைய 2,000 ஆமைகள். பிறகு மற்ற தீவுகள்: இசபெலாவிலும் சான்டியாகோவிலும் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு, ஒன்றரை லட்சம் ஆடுகளுக்கு மேல். கடைசி ஆடுகளைக் கண்டுபிடிக்க, ஓர் ஆட்டுக்கு ரேடியோப் பட்டை கட்டி விடுவார்களாம். ஆடு தனியாக இருக்காதே, கூட்டத்தைத் தேடிப் போகும். கூட்டத்தைச் சுட்டுவிட்டு, அதை மட்டும் விட்டுவிடுவார்கள், அடுத்த கூட்டத்தைத் தேட. யூதாஸ் ஆடு என்று பெயர்.

மகள் கை தூக்கினாள். "ஆட்டைக் கொல்லலாம், ஆமையைத் தூக்கிட்டுப் போகலாம். குஞ்சை மட்டும் ஏன் தொடக்கூடாது?"

வழிகாட்டி கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "ஆட்டைக் கொண்டுவந்தது நாம. அந்தக் கணக்கை நாமதான் தீர்க்கணும். அந்தக் குஞ்சோட கணக்கு நம்மளுது இல்ல."

நல்ல பதில். சரியான பதிலும்கூட என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் டீசல் எஞ்சின் உறுமுகிற படகில், ஏசி அறையில், இதைப் பார்ப்பதற்கென்றே இவ்வளவு பணம் கட்டி வந்து உட்கார்ந்துகொண்டு, நம்முடையது எது, நம்முடையது அல்லாதது எது என்று கோடு கிழிப்பது அவ்வளவு லேசாகவும் இல்லை.

இரவு விளக்கணைத்த பிறகு மேல் பெர்த்திலிருந்து குரல்.

"அப்பா, தூங்கிட்டியா?"

"இல்லடா."

"அந்தப் பெரிய குஞ்சுக்குத் தெரியுமா?"

"என்ன?"

"அது என்ன பண்ணுதுன்னு."

தெரியாதுடா, அதுக்கு அஞ்சாறு நாள் வயசு, உடம்பு அப்படிப் பண்ணச் சொல்லுது, அவ்வளவுதான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

"எனக்கும் தெரியாதுல்ல?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது கை கால் சில்லிட்டது.

அவள் இரட்டைக் குழந்தையில் ஒருத்தி. 29-ஆவது வாரத்தில் பிறந்தார்கள். ஒரே நஞ்சுக்கொடி, இரண்டு பேருக்கும். அதற்குள்ளேயே ரத்தக் குழாய்கள் பிணைந்து, ஒருத்தியின் ரத்தம் இன்னொருத்திக்கு அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. கொடுப்பவளுக்கும் ஆபத்து, வாங்குபவளுக்கும் ஆபத்து என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார். சின்னவள் நான்கு நாள் இருந்தாள். மகளுக்கு இது தெரியும், ஒரு வரியாக. உனக்கு ஒரு தங்கச்சி இருந்தா, சீக்கிரம் பிறந்ததால இறந்துட்டா. அதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை. அவளிடமும் இல்லை, எங்களுக்குள்ளும் இல்லை.

ஆனால் என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, பேத்திக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே செல்லமாகச் சொன்னாள்: "ஒண்ணோட ரத்தத்தையும் சேத்து உறிஞ்சிக்கிட்டு வந்தவளாச்சே, அதான் இந்தத் தெம்பு." நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். காதில் விழுந்தது. அம்மாவைக் கண்டிக்கவில்லை. குழந்தைக்கு என்ன புரியும் என்று விட்டுவிட்டேன். அது ஏப்ரலில். டிசம்பர்வரை அவள் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

எழுந்து மேல் பெர்த் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாட்டி சொன்னது தப்பு என்றேன். நீ எதையும் எடுக்கல. அது குழாய் வேலை, தண்ணி பள்ளத்துக்குப் போற மாதிரி. உனக்கும் அது ஆபத்தாத்தான் இருந்துச்சு. அந்தக் குஞ்சு தள்ளுச்சு, நீ தள்ளல. ரெண்டும் ஒண்ணு இல்ல. என்னென்னவோ சொன்னேன். எல்லாம் உண்மைதான். வழிகாட்டியின் பதில் மாதிரியே சரியாகத்தான் இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டு சும்மாதான் இருந்தீங்களா?" என்று கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை, தெரிந்துகொள்கிற குரல்.

"இல்லடா. எல்லாம் பண்ணாங்க. நாங்களும் எல்லாத்துக்கும் சரின்னோம். பெட்டிக்குள்ள கை விட்டுத் தொட விட்டாங்க. தொட்டுட்டே இருந்தோம்."

"அவளையுமா?"

"அவளையும்."

கீழே மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மாத்திரைத் தூக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஃபுளோரியானாவில் திமிங்கல வேட்டைக்காரர்கள் காலத்திலிருந்து இருக்கிற பீப்பாய்த் தபால்பெட்டி. முத்திரை இல்லாத அட்டைகளை யாராவது எடுத்துப்போய் நேரில் சேர்ப்பார்கள். கடல் சிங்கங்களோடு நீந்தினோம். மகள் சிரித்தாள், சாப்பிட்டாள். நான்தான் ஒவ்வொரு குட்டியையும் பார்க்கும்போது அதற்கு அம்மா பக்கத்தில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் சான்டா குரூஸில், புவர்ட்டோ அயோராவின் ஆமை வளர்ப்பு மையம். 2012-ல் இறந்துபோன லோன்சம் ஜார்ஜின் பதம்செய்த உடலைக் குளிர்ந்த கண்ணாடி அறையில் வைத்திருக்கிறார்கள். பின்டா தீவின் கடைசி ஆமை. மகள் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அவளைப் பிடித்து நிறுத்தியது வெளியே குஞ்சாமைகளின் தொட்டிகள். உள்ளங்கை அளவு ஆமைகள், ஒவ்வொன்றின் ஓட்டிலும் பெயின்டால் எழுதிய எண். முட்டைகளைக் கூட்டிலிருந்து எடுத்து இன்குபேட்டரில் வைக்கிறார்கள் என்றார் வழிகாட்டி; 28 டிகிரியில் வைத்தால் ஆண், 29.5-ல் பெண்.

"நான் எத்தனை டிகிரில இருந்தேன்?" என்று கேட்டாள்.

ஞாபகமில்லை என்றேன். பெட்டிமேலே ஒரு எண் எரிந்துகொண்டே இருக்கும், அதைத்தான் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், இருந்தும் ஞாபகமில்லை.

"அவளும் பக்கத்துலயே இருந்தாளா?"

"பக்கத்துப் பெட்டி."

"பேர் வெச்சீங்களா?"

நான் வாயெடுப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள். பதினோரு வருடத்தில் அந்தப் பெயரை அவள் குரலில் நான் கேட்டது அப்போதுதான். எங்கள் பின்னால் எப்போது வந்து நின்றாள் என்றே தெரியாது. அன்றிரவு கேபினில் அவள் தூங்கியிருக்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மகள் அந்தப் பெயரை ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டு எண்களை வாசித்தபடி அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள்.