செவியில் தங்கிய நாடு

ருஷ்யாவின் வடமேற்கில், வோல்கவ் ஆற்றங்கரையில் அமைந்த பழம்பெரும் நகரம் நோவ்கொரோத். அங்குள்ள தூய சோபியா பேராலயம் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டது. ருஷ்ய ஆலயங்களில் மணிகள் ஊசலாடுவதில்லை. மணி அசையாமல் தொங்க, அதன் நாவைக் கயிற்றால் இழுத்து ஒலிக்கச் செய்வர். பெரிய மணியின் ஆழ்ந்த முழக்கத்தின்மீது சிறுமணிகளின் ஒலி அடுக்கடுக்காய் எழும். அவ்வூர்ப்புறத்தில் 1873ஆம் ஆண்டு பிறந்து வளர்ந்த செர்கேய் ராக்மனினோவுக்கு முதற்பாடம் புகட்டிய ஆசான்களுள் அம்மணிகளும் அடங்கும். பின்னாளில் உலகம் போற்றும் இசையமைப்பாளராகவும் பியானோக் கலைஞராகவும் உயர்ந்தவர் அவர்.

அவருடைய இளமை செல்வத்தில் தொடங்கி இழப்புகளின் வழியே நடந்தது. தந்தை குடும்பத்தின் நிலபுலன்களை ஒவ்வொன்றாகத் தொலைத்தார். குடும்பம் பீட்டர்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே உடன்பிறந்தாள் ஒருத்தியைத் தொண்டை அடைப்பான் நோய் பறித்துக்கொண்டது. பெற்றோரும் பிரிந்தனர். சிதறிய அவ்வீட்டில் சிறுவனுக்குப் பற்றுக்கோடாக நின்றவர் தாய்வழிப் பாட்டி. அவர் பேரனைக் கைப்பிடித்து ஆலயம்தோறும் அழைத்துச் சென்றார். பாடகர் குழுக்களின் வழிபாட்டுப் பாடல்களைக் கேட்கச் செய்தார். வீடு திரும்பியதும், கேட்டவற்றை அச்சிறுவன் பியானோவில் வாசித்துக் காட்டுவான். பாட்டி 25 கோபெக் பரிசளிப்பார். மறைநூல் வினாவிடையாக அன்றி, மணியாகவும் பாடலாகவும் பாட்டியின் கைச்சூடாகவும் சமயம் அவனுள் புகுந்தது.

வளர்ந்த பிறகு ராக்மனினோவ் தவறாது ஆலயம் செல்பவராக இருக்கவில்லை. எனினும், செவிவழி வந்த அந்தச் செல்வம் அவரைவிட்டு அகலவில்லை. ருஷ்ய ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் இசைக்கருவிகளுக்கு இடமில்லை. மனிதக் குரல் ஒன்றே இறைவன்முன் நிற்கும். அம்மரபைத் தழுவி அவர் 1915இல் ‘முழு இரவு வழிபாடு’ என்னும் இசைப்படைப்பை ஆக்கினார். அதன் 15 பகுதிகளுள் பல, தொன்மையான ஆலய இசைமெட்டுகளின்மீது கட்டப்பட்டவை. ஐந்தாம் பகுதியின் முடிவில் ஆண்குரல்கள் படிப்படியாக இறங்கி, மிகத் தாழ்ந்த சுரமொன்றைத் தொட வேண்டும். இத்தகைய குரல்களுக்கு எங்கே போவது என்று இசைவாணர் ஒருவர் ஐயுற்றார். தம் நாட்டு மக்களின் குரலைத் தாம் அறிவார் என்பதே ராக்மனினோவின் விடை. மாஸ்கோவில் சினோட் பாடகர் குழு அதை அரங்கேற்றியபோது அந்நம்பிக்கை மெய்யாயிற்று.

ஈராண்டுகளில் காலம் புரண்டது. 1917இல் புரட்சி எழுந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து இசை நிகழ்ச்சிகளுக்கு அழைப்பு வரவே, அதையே வாயிலாகக் கொண்டு அவ்வாண்டு டிசம்பரில் மனைவியுடனும் இரு மகள்களுடனும் ருஷ்யாவை விட்டு வெளியேறினார். பின்லாந்தின் பனிவெளியைத் திறந்த சறுக்கு வண்டியில் கடந்தனர். தம் இசைக்குறிப்பேடுகள் சிலவற்றையே அவர் உடன் கொண்டு சென்றார். மண்ணும் வீடும் அச்சேறாத முதல் சிம்பொனியின் கையெழுத்துப்படியும் பின்தங்கின. அதன்பின் தாய்நாட்டு மண்ணை அவர் மிதிக்கவே இல்லை.

1918இல் அமெரிக்கா சென்றபோது அவருக்கு வயது 45. குடும்பத்தைக் காக்க, இசையமைப்பாளர் பியானோக் கலைஞரானார். ஊர் ஊராகச் சென்று வாசித்தார், பெரும்பொருள் ஈட்டினார். வீட்டில் ருஷ்ய மொழி ஒலித்தது. ருஷ்ய உணவு பரிமாறப்பட்டது. ருஷ்ய வழக்கங்கள் வழுவாது நின்றன. தாய்நாட்டில் வறுமையுற்றோர்க்கு உணவுப் பொதிகள் அனுப்பினார். ஆனால், படைப்பூற்று வறண்டது. நாட்டை விட்டு நீங்குமுன் 39 வரிசை எண்கள் கொண்ட படைப்புகளை வெளியிட்டிருந்தவர், எஞ்சிய கால் நூற்றாண்டில் ஆறே படைப்புகளை அவ்வரிசையில் சேர்த்தார். இடைவிடாத பயணங்கள் ஒரு காரணம். மற்றொன்றை அவரே உணர்ந்திருந்தார்: தாய்நாட்டை இழந்தபோது தம்மையும் இழந்ததாக அவர் கூறினார். புகழும் பொருளும் இட்டு நிரப்ப முடியாத வெற்றிடம் அது.

அந்த ஆறனுள் இறுதியானது, 1940இல் லாங் தீவில் எழுதிய ‘சிம்பொனி நடனங்கள்’. அதில் சாவைக் குறிக்கும் பழைய இலத்தீன் மெட்டு ஒன்று அச்சுறுத்தியபடி சுழல்கிறது. அதனை எதிர்த்து எழும் மெட்டோ, ‘முழு இரவு வழிபாட்டில்’ கிறித்துவின் உயிர்த்தெழுதலைப் பாடும் பகுதியிலிருந்து வந்தது. முடிவில் வெல்வது அதுவே. அவ்விடத்தில் கையெழுத்துப்படியில் ‘அல்லேலூயா’ என எழுதினார்; இறுதியில் இறைவனுக்கு நன்றி கூறும் சொற்களையும் பொறித்தார். ஆலயத்தில் அதிகம் காணப்படாத அம்மனிதர், தம் கடைசிப் படைப்பின் ஓரத்தில் செய்த வழிபாடு இது.

அப்படைப்பின் முதற்பகுதி முடியும் தறுவாயில் அமைதியான மெட்டு ஒன்று தவழ்ந்து மறைகிறது. 1941இல் பிலடெல்பியாவில் அதனை முதன்முதலாகக் கேட்டோர்க்கு அதன் பிறப்பிடம் தெரிந்திருக்க வழியில்லை. 1897இல் அரங்கேற்றத்திலேயே தோல்வியுற்று, மூன்றாண்டுகள் அவரை எழுதவிடாது முடக்கிய முதல் சிம்பொனியின் மெட்டு அது. அன்று சீற்றத்தோடு ஒலித்தது, இன்று கனிந்து ஒலித்தது. அச்சிம்பொனி அழிந்துபோயிற்று என்றே யாவரும் எண்ணியிருந்தனர். ஆகவே, அது எழுதியவரின் நெஞ்சு மட்டும் அறிந்த தனிமொழியாக இருந்தது.

1943 மார்ச் 28இல் அமெரிக்காவில் ராக்மனினோவ் மறைந்தார்; நியூயார்க் அருகே அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு, லெனின்கிராடு நூலகம் ஒன்றில் அம்முதல் சிம்பொனியின் இசைக்கருவிப் பகுதிகள் கண்டெடுக்கப்பட்டன. 1945இல் மாஸ்கோவில் அது மீண்டும் உயிர்பெற்று ஒலித்தது. அன்றுமுதல்தான், அயல்மண்ணில் அவர் இறுதியாக நினைந்தது எந்த இசையை என்பதை உலகம் அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது.