சான்று கேட்ட நண்பர்கள்

சைமன் காசிச்செட்டி 1807-இல் கற்பிட்டியில் பிறந்தவர். இலங்கையின் ஊர்கள், ஆறுகள், துறைகள், அங்கங்கே வாழ்ந்த மக்கள் பற்றித் தான் திரட்டிய செய்திகளை 1834-இல் ஆங்கிலத்தில் ஒரு கசற்றியராக அச்சிட்டார். பிறகு தமிழ்ப் புலவர்களைத் தேடத் தொடங்கினார். சுமார் 200 புலவர்களின் வரலாற்றைச் சொல்லும் அவருடைய 'தமிழ் புளூட்டாக்' 1859-இல் வெளிவந்தது. மறு ஆண்டே காலமானார். ஒரு பக்கம் பெருங்கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு, நடுவில் மணலும் தென்னையும் என்று கிடக்கிற இந்த முனையில் பிறந்த ஒருவர் தமிழ்ப் புலவர் வரலாற்றுக்கே முன்னோடி. இதை எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. ரொறன்ரோவில் இருக்கும், நான் இன்றுவரை நேரில் கண்டிராத ஒருவர்தான் சொன்னார்.

"தம்பி, கற்பிட்டியைப் பற்றி எழுதுறீங்கள். காசிச்செட்டியை விட்டிட்டு எழுதலாமோ?"

தமிழ் விக்கிப்பீடியாவில், கற்பிட்டிக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் அவர் இட்ட கேள்வி அது. அப்போது அந்தக் கட்டுரை இரண்டு மூன்று வரிகளில் நின்றது. ஊர் இந்த மாவட்டத்தில் இருக்கிறது, கடலோரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஊரைப் பற்றித் தமிழில் தேடுகிற பிள்ளைக்கு உலகம் வைத்திருப்பது இவ்வளவுதானா என்ற மனவருத்தத்தில்தான் 'தொகு' என்பதை அழுத்தினேன். எழுத்தாளனாகும் எண்ணம் எதுவும் அப்போது எனக்கு இல்லை.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் முளைத்தது. அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையைச் சேர்ந்த மயூரநாதன். வளைகுடாவில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார். 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. 2017-இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. அங்கே எழுதுகிற ஒருவருக்கும் சம்பளம் இல்லை, கட்டுரையின் தலையில் பெயரும் வராது. பழகிப் பார்ப்பதற்கு ஒரு 'மணல்தொட்டி' உண்டு. கூடிப் பேச ஓர் இடம் உண்டு, அதன் பெயர் 'ஆலமரத்தடி'.

நான் முதலில் கோட்டையை எடுத்துக்கொண்டேன். ஒல்லாந்தர் 1667-இல் கட்டத் தொடங்கி 1676-இல் முடித்தது. இன்று கடற்படையின் வசம் இருக்கிறது. இரவு எழுதிவிட்டுப் படுப்பேன். காலையில் திறந்தால் மதுரைக்காரர் ஒருவர் ஒற்றுப் பிழைகளைத் திருத்தியிருப்பார். நோர்வேயில் இருப்பவர் ஒரு பழைய வரைபடத்தைச் சேர்த்திருப்பார். ரொறன்ரோ அண்ணன் ஒரு வாக்கியத்தின் முடிவில் 'சான்று தேவை' என்று போட்டிருப்பார். அந்தச் சொல் எனக்குச் சுடவில்லை. என் ஊரைப் பற்றிய ஒரு வாக்கியம் சரியா என்று கண்டம் தாண்டி ஒருவர் கவலைப்படுகிறார் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. அவர் கேட்ட சான்றுக்காகத்தான் புத்தளத்துக்குப் பஸ் ஏறி நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். 1344-இல் இபுனு பதூதா இந்தக் கரையில் இறங்கியபோது கறுவா மரக்கட்டைகள் குவிந்து கிடந்ததாக எழுதியிருப்பதை அங்கேதான் வாசித்தேன்.

பிறகு நாங்கள் கட்டுரைக்கு வெளியேயும் பேசத் தொடங்கினோம். அண்ணன் யாழ்ப்பாணத்தில் படித்தவர். ஒருநாள், கொஞ்சம் தயங்கியே, முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருப் பையன் ஒருவன் தன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்ததைச் சொன்னார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை ஒக்டோபர் 30 அன்று ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணி நேரத்தில் கிளம்பச் சொன்னார்கள். மன்னார்ப் பக்கத்துச் சனங்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கள் வீட்டு வளவிலும் ஒரு குடும்பம் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தது. உம்மா இரண்டு உலை வைத்த காலம் அது.

"அவன் எங்க போனான் எண்டு எனக்குத் தெரியாது. அந்த நேரம் நாங்கள் ஒண்டும் கேக்கேல்ல, தம்பி" என்று எழுதினார். அப்படி வந்தவர்கள் எங்கள் பகுதியில் வாழ்கிற குடியேற்றங்களில் நான் விசாரித்தேன். அந்தப் பெயரில் பலர் இருந்தார்கள். அவருடைய நண்பர் அகப்படவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்களுக்குள் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. போரின் நடுவே வளர்ந்த ஒரு தமிழரும், அந்தப் போர் துரத்திவிட்ட மக்களுக்கு இடம் கொடுத்த கரையில் வளர்ந்த ஒரு முஸ்லிமும், முதலில் ஒரு கோட்டையின் ஆண்டைச் சரிபார்த்துப் பழகியதால்தான் இதைப் பேச முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நேரே இதில் தொடங்கியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும்.

எழுத்தின் மேல் எனக்குப் பிரியம் வந்தது இதற்கும் பிறகு, ஒரு மறுப்பிலிருந்து. வாப்பா சொல்லக் கேட்டதை எல்லாம் களப்புக் கட்டுரையில் சேர்த்தேன். கச்சான் எழும்பினால் பெருங்கடல் கொந்தளிக்கும், அப்போது தொழில் களப்புக்குள்தான்; கார்த்திகைக்குப் பிறகு கடல் அடங்கும்; பத்தலங்குண்டுக்கும் இப்பந்தீவுக்கும் போய் வாடி போட்டுத் தங்கியவர்கள் எதைச் சமைத்தார்கள், குடிதண்ணீரை எப்படிப் பங்கிட்டார்கள்; கருவாடு காயப்போடும் பெண்கள் காற்றின் ஈரத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள். அண்ணன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். கலைக்களஞ்சியத்தில் அச்சில் வந்த ஆதாரம் வேண்டும், வாப்பா சொன்னது ஆதாரம் ஆகாது. விதி அது. அவர் அதோடு நிறுத்தவில்லை. "இது இஞ்ச நிக்காது. ஆனா இதை எழுதாமல் விட்டிடாதேங்கோ. உங்கட பேரில, ஒரு கட்டுரையா எழுதுங்கோ. முதல்ல எனக்கு அனுப்புங்கோ."

அனுப்பினேன். 'நான்' என்று எழுத அனுமதி உள்ள எழுத்து எவ்வளவு அகலமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாப்பாவின் குரலை எழுத்தில் கொண்டுவர ஒரு பந்தியை விடிய விடிய மாற்றிக்கொண்டிருந்தேன், அலுக்கவேயில்லை. கலைக்களஞ்சியம் தந்த ஒழுக்கமும் கூடவே வந்தது: தெரிந்ததை மட்டும் சொல், யார் சொன்னார் என்று சொல். அண்ணன் ஒவ்வொரு பந்திக்கும் கேள்வி போட்டுத் திருப்பி அனுப்பினார். பாராட்டு ஒரு வரி, கேள்விகள் ஒரு பக்கம். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய நட்பு எதுவென்று எனக்குத் தெரியவில்லை. காசிச்செட்டிக்கும் இப்படி ஒருவர் எங்கோ இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். சிலாபத்தில் நீதிபதியாக இருந்துகொண்டு அத்தனை புலவர்களைப் பற்றித் தனியே ஒருவர் அறிந்துவிட முடியாது.

இப்போது எங்கள் பகுதிப் பிள்ளைகள் சிலர் என்னோடு சேர்ந்து எழுதுகிறார்கள். அவர்களில் ஒரு தங்கச்சி, இங்கே குடியேற்றத்தில் பிறந்தவள். அவளுடைய தாய் தகப்பனின் ஊர் முசலிப் பக்கம், கரடிக்குளி. அந்த ஊரைப் பற்றித்தான் முதல் கட்டுரை எழுத வேண்டும் என்று நின்றாள், எழுதினாள். வெளியேற்றத்துக்கு முன் அங்கே எத்தனை குடும்பங்கள் இருந்தன என்ற வரிக்குப் பக்கத்தில், வழக்கம்போல, சான்று கேட்டிருக்கிறார்கள். 1981 குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு வடக்கில் முழுமையான கணக்கெடுப்பு நடந்தது 2012-இல்தான். ஆகவே 1981 அறிக்கையைத்தான் பிடிக்க வேண்டும். கிராம அளவில் கணக்கு உள்ள பகுதி எந்த நூலகத்தில் கிடைக்கும் என்று அண்ணன் அங்கே விசாரிக்கிறார். அவள் இங்கே, குடியேற்றத்தில் இருக்கும் பெரியவர்களிடம் வீடு வீடாகப் போய்ப் பழைய பெயர்களைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வருகிறாள். அது விக்கிப்பீடியாவுக்கு ஆகாது என்பது அவளுக்கும் தெரியும். தன் பெயரில் எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.