சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஒரு கல்யாணம்

தூத்துக்குடிக்காரர்கள் சிவன் கோயில் என்று சொன்னால் சங்கர ராமேஸ்வரர் கோயில்தான். 2018 அக்டோபர் 31-ம் தேதி அங்கே ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஓர் இளைஞர், பொண்ணு ஒரு திருநங்கை. பதிவு பண்ணப் போனால் ஊரில் இருக்கும் இணைப் பதிவாளர் முடியாது என்றுவிட்டார். மாவட்டப் பதிவாளரிடம் முறையிட்டார்கள். டிசம்பரில் அவரும் அதையேதான் சொன்னார்.

விடவில்லை அவர்கள். ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போனார்கள். அரசுத் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்று இருக்கிறது, ஆங்கில அகராதியில் அதற்கு அர்த்தம் கல்யாண நாளில் இருக்கும் பெண், இவர் திருநங்கை, ஆகவே செல்லாது. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பார்கள், நம்மாட்கள் டிக்‌ஷனரி பார்த்திருக்கிறார்கள்!

2019 ஏப்ரல் 22-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பு சொன்னார். மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம், பதிவு செய்து கொடுங்கள் என்று. சட்டத்தில் உள்ள சொல்லை அது எழுதப்பட்ட 1955-லேயே உறைய வைக்கக் கூடாது, இன்றைய நிலையை வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும், ஆணும் திருநங்கையும் இப்போதுள்ள சட்டத்திலேயே மணம் செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. நம்ம ஊரில் கிளம்பின விஷயம் டெல்லி வரை போய் நின்றது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் நான் எழுத வந்தது அதற்கு அடுத்த படியைப் பற்றி.

திருநங்கை பெண்தான், அதனால் அவர் மணமகள். ரொம்பச் சரி. அப்படியானால் இரண்டு பெண்கள்? இரண்டு ஆண்கள்? அதே சட்டத்தின் 5-வது பிரிவு எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். 'எந்த இரு இந்துக்களுக்கும்' இடையே திருமணம் நடக்கலாம் என்றுதான். வயது சொல்ல வரும்போதுதான் மணமகன் 21, மணமகள் 18 என்று வருகிறது. மதம் பார்க்காத 1954-ம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டத்திலும் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளும் இந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். இதை மாற்றுவது பார்லிமெண்ட் வேலை என்று 2023 அக்டோபர் 17-ல் சொல்லி முடித்தார்கள். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி.

"சேர்ந்து வாழட்டுமே, யாரு தடுக்கா? 377-ஐத்தான் 2018-லயே எடுத்தாச்சே. கல்யாணம் எதுக்கு அண்ணாச்சி?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

முத்துக் குளிக்கிற காலத்தில், கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைப் படகில் மச்சான்தான் பிடிப்பான் என்று இந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு. தங்கச்சி தாலி அறுக்கக் கூடாது என்ற பயத்தில் அவன் கையை விடமாட்டானாம். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துபோனது. இந்தப் பேச்சு மட்டும் நிற்கிறது. கல்யாணம் என்றால் மேளமும் பந்தியும் மட்டும் இல்லையே, உன் கயிற்றை யார் பிடிப்பது என்கிற ஏற்பாடும்தானே.

எங்கள் தெருவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீடு. ஒருவர் ரிட்டயர்டு டீச்சர், இன்னொருவர் தையல் கடை வைத்திருந்தவர். தெருவுக்கு அக்கா தங்கச்சி. எனக்குத் தெரியும், என் அம்மாவுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், பேசினதில்லை. டீச்சருக்கு நெஞ்சுவலி வந்து ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நானும் கூடப் போனேன். கவுண்டரில், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றார்கள். "தங்கச்சி" என்றார் தையல்காரம்மா. ஆதார் கேட்டார்கள். அப்பா பேர் வேறே. அப்புறம் டீச்சரோட அண்ணன் திருச்செந்தூரிலிருந்து வந்துதான் கையெழுத்துப் போட்டார். டீச்சர் வீட்டுப் பக்கம் அவர் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அந்தம்மா வராந்தாவில் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

டீச்சர் பிழைத்துவிட்டார். பிழைக்காமல் போயிருந்தால்? வீடு டீச்சர் பேரில் இருக்கிறது. உயில் இல்லையென்றால் அது அண்ணனுக்குப் போகும். பேங்கில் நாமினி போட்டிருக்கலாமே என்பீர்கள். நாமினி பணத்தை வாங்கலாம், அது அவருக்குச் சொந்தமாகிவிடாது, வாரிசுக்குத்தான். இன்ஷூரன்ஸில் மட்டும் 2015 திருத்தத்துக்கு அப்புறம் நாமினிக்கே பணம் சொந்தம், ஆனால் அது கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்குத்தான். இந்தப் பட்டியலில் தையல்காரம்மா எங்கே?

2024-ல் மத்திய அரசு, இப்படி வாழ்கிறவர்களை ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகச் சேர்க்கலாம், ஜாயிண்ட் அக்கவுண்ட் தொடங்கலாம் என்று சொன்னது. நல்லது. ஆனால் ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒரு சுற்றறிக்கையா? கல்யாணப் பதிவு என்று ஒரே ஒரு காகிதம் எல்லாக் கதவையும் திறக்கிறதே!

நம் பண்பாடு, மதம் என்பவர்களுக்கு ஒன்று. சிவன் கோயில் ஐயரையோ பனிமய மாதா கோயில் சாமியாரையோ யாரும் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. கேட்பது ரிஜிஸ்டர் ஆபீஸை. இது தமிழ்நாட்டுக்குப் புதுசும் இல்லை. ஐயர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1920-களிலிருந்து நடந்தன. 1953-ல் ஹைகோர்ட் அவை செல்லாது என்றது. குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்றவர்களெல்லாம் சட்டப்படி கல்யாணம் ஆகாதவர்கள்! 1967-ல் அண்ணா ஆட்சியில் 7-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள், அதற்கு முன்னால் நடந்தவற்றுக்கும் சேர்த்து. ஊர் என்ன முழுகியா போச்சு? தைவானில் 2019-லும் தாய்லாந்தில் 2025-லும் தன்பால் திருமணம் சட்டமானது. அங்கேயும் மற்றவர்கள் கல்யாணம் கல்யாணமாகத்தான் இருக்கிறது.

2025 மே மாதம் இன்னொரு தீர்ப்பு வந்தது. பெற்றோர் அடைத்துவைத்த ஒரு பெண்ணை, அவர் விரும்பிய பெண்ணோடு போகலாம் என்று ஹைகோர்ட் விடுவித்தது. குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழியல்ல என்றும் சொன்னது. அந்த இரண்டு நீதிபதிகளில் ஒருவர் அதே சுவாமிநாதன். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் கையில் கொடுக்க அதில் காகிதம் எதுவும் இல்லை.

போன வாரம் டீச்சரிடம் உயில் எழுதிப் பதிவு பண்ணிவிடச் சொன்னேன். "எங்கே பதிவு பண்ணணும்?" என்று கேட்டார். ரிஜிஸ்டர் ஆபீஸில்தான் டீச்சர் என்றேன்.