வெட்டினால் புதுசை வெட்டு

சென்னை மூலக்கொத்தளத்தில், துறைமுகத்து லாரிகளுக்கு கிராஸ் (ஷாஃப்டை மடியவிடும் மூட்டு) மாற்றியே காலம் தள்ளும் பட்டறை அது. அங்கே எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்து நின்றால் தெருவே எட்டிப் பார்க்கும். மெக்கானிக் மட்டும் சாக்கை விரித்து அடியில் படுத்துவிடுவார்.

ஹெரால்டின் பின்பக்கம் தனி ரகம். டிஃபரன்ஷியல் சேஸிஸோடு நிலையாக இருக்க, இரண்டு பக்கமும் அரை அச்சுகள் ஆளுக்கொரு கிராஸில் மடிந்து ஏறி இறங்கும். பள்ளம் மேடெல்லாம் அந்த கிராஸ் தலையில்தான். புதுப்பேட்டையில் போய் "ஹெரால்டு கிராஸ்" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்; அளவைச் சொன்னால் தேடிப் பார்ப்பார்கள். கப்பின் விட்டம், முனைக்கு முனை நீளம், லாக் உள்ளேயா வெளியேயா. ஊசி உருளும் இடம் தேய்ந்திருந்தாலும் கப்பின் வெளிவட்டம் பெரும்பாலும் தேயாது. அளவுக்கு அது போதும்.

"அதே மாதிரிதாண்ணே இருக்கு."

"மாதிரியெல்லாம் வேணாம்டா. வெர்னியர் என்ன சொல்லுது?"

ஒரிஜினல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு அவர் வண்டலூர்க் கதையைச் சொல்வார். அங்கே ஹெரால்டைச் செய்த கம்பெனியே, 1970களில் அதை கெசல் என்று மாற்றி விட்டபோது, ஆடும் அச்சை எடுத்துவிட்டு முழு அச்சைப் போட்டது.

அம்பாசிடரும் அப்படித்தான். 1,489 சிசி இன்ஜினும் நாலு கியருமாக ஓடிய வண்டிக்கு 1990களில் இசுசு இன்ஜினும் ஐந்து கியரும் வந்தன. அந்த ஐந்து கியர் பெட்டியைப் பழைய வண்டியில் ஏற்ற நினைப்பவருக்கு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் உதைக்கும். இவர் பழைய ஷாஃப்டைத் தொடமாட்டார். வேறொன்றை வாங்கித்தான் வெட்டுவார். பிளாஞ்சு ஓட்டை பொருந்தாவிட்டாலும் பழையதில் துளை போடாமல், நடுவில் வைக்க லேத்தில் ஒரு வட்டு கடைந்துகொள்வார்.

வெட்டும் முன் குழாய் நெடுக ஒரு கோடு கீறுவார். அனுபவம் தந்த கோடு. ஒருமுறை கோடில்லாமல் ஒட்டி, வேகமெடுத்ததும் வண்டி அதிர்ந்திருக்கிறது. கிராஸ் 15 டிகிரி மடிந்து சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை அடுத்த பக்கம் மூன்றரை சதவீதம் முந்தும், பிந்தும். காரில் கோணம் அதைவிடக் குறைவு, கணக்கு அதேதான். கிராஸைப் பிடிக்கும் இரண்டு முனைக் கவைகளும் ஒரே கோட்டில் இருந்தால் பின் கிராஸ் அதைச் சரிக்கட்டிவிடும். கால் சுற்று தள்ளி ஒட்டினால் ஆட்டம் இரட்டிப்பு. அதற்குப் பிறகுதான் பேலன்சிங்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களே, கழற்றிய ஷாஃப்டைக் காயலான்கடையில் போட்டுவிடாதீர்கள். அடுத்தவர் அளவெடுக்க அது ஒன்றுதான் இருக்கும்.